கருகரு முடியைச் செக்கச்செவேல் ஆக்கப் போன கதை: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

பாளைக்காரி:

என் முடி அட்டைக் கருப்பு. சின்ன வயதில் வெயிலில் ஆடிவிட்டு வந்து நுனி லேசாகச் செம்பட்டை பாய்ந்திருந்தால் போதும், ஆச்சி பிடித்து உட்கார வைத்து அரைக் கிண்ணம் தேங்காயெண்ணெயைத் தலையில் கவிழ்த்துவிடுவாள். அப்படி வளர்த்த முடியை இருபத்தாறு வயதில் நானே காசு கொடுத்துச் செம்பட்டை ஆக்கிக்கொண்டேன்.

முதல் முயற்சி திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் வாங்கிய சாயப் பெட்டி. அட்டைப் படத்தில் இருந்த பெண்ணுக்குக் குங்குமச் சிவப்பில் முடி. உள்ளே ஒரு டியூப், ஒரு டெவலப்பர் பாட்டில், கையுறை. கலக்கி, பூசி, அரை மணி நேரம் ஊறி, அலசிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் அதே கருப்பு. மொட்டை மாடியில் உச்சி வெயிலில் நின்றால் மட்டும் மாதுளம்பழத் தோல் மாதிரி ஒரு மினுக்கம். அம்மா அன்று முழுக்க என்னோடு பேசிக்கொண்டிருந்தாள், கவனிக்கவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய அவமானம்.

காரணம் பிறகுதான் விளங்கியது. நம் முடியில் இருப்பது மெலனின் என்ற நிறமி. அதன் மேல் சிவப்பைப் பூசுவது கரிச்சட்டியில் குங்குமம் தடவுகிற கதைதான். அந்த மாதிரிப் பெட்டிகளில் பெரும்பாலும் 20 வால்யூம் டெவலப்பர் இருக்கும், அதாவது 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. சாயத்தோடு சேர்ந்து அது கருப்பை ஒன்றிரண்டு படி இறக்கும், அவ்வளவுதான். பார்லர்க்காரர்கள் முடியின் நிறத்தை 1 முதல் 10 வரை எண்ணுவார்கள். 1 கருப்பு, 10 வெளிர் மஞ்சள். நம் ஊர் முடி அநேகமாக 1 அல்லது 2. பளீர் சிவப்பு தெரிய வேண்டுமானால் 7, 8 வரை வர வேண்டும். அதற்கு பிளீச் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை. ஒரே ஆறுதல், கருப்பு முடி வெளுக்கும்போது செம்பழுப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்ற வரிசையில்தான் வெளுக்கும். நீலம் அடிக்கிறவர்கள் வெளிர் மஞ்சள் வரை போயாக வேண்டும். சிவப்புக்கு ஆரஞ்சிலேயே இறங்கிவிடலாம்.

சரி, பிளீச் பவுடர் வாங்கினேன். ஒரு பங்கு பவுடருக்கு இரண்டு பங்கு டெவலப்பர், பிளாஸ்டிக் கிண்ணம், சாயம் பூசுகிற பிரஷ். எல்லாம் சரியாகத்தான் செய்தேன், உச்சந்தலையிலிருந்து ஆரம்பித்ததைத் தவிர. தலைச் சூட்டில் வேர்ப்பக்கம் மற்ற இடத்தைவிட வேகமாக வெளுக்கும். முதலில் நடுவும் நுனியும், வேரோரம் ஒரு அங்குலம் விட்டு, அதைக் கடைசியில் பூச வேண்டும். அதுவும் சித்திரை வெயில், பாளையங்கோட்டை ஓட்டு வீடு. இருபது நிமிடத்தில் வேர் மாம்பழ மஞ்சள், கீழே செங்கல் நிறம்.

அலச வேண்டும் என்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தால் காற்று வருகிறது. தொட்டி காலி. மோட்டார் போடலாம் என்றால் அன்றைக்குப் பார்த்து மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 முதல் 2 மணி வரை மின்சாரம் கிடையாது. காலைப் பேப்பரிலேயே போட்டிருந்தார்களாம். தலை எரிய ஆரம்பித்துவிட்டது. அடுக்களையில் இருந்த குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். அங்கே ஆச்சி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, என்னட்டி இது தல? தேங்கா நாருல்லா ஒட்ட வச்ச மாதிரி இருக்கு!"

பதில் சொல்ல நேரம் இல்லை. அவளேதான் செம்பில் மொண்டு மொண்டு ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே திட்டினாள். இரண்டு குடம் போயிற்று.

அப்புறம் மூன்று வாரம் சும்மா இருந்தேன். துப்பட்டா போட்டுக்கொண்டுதான் வெளியே போவேன். அடுத்த தடவை முந்தின ராத்திரியே தேங்காயெண்ணெய் தடவி, அதன் மேலேயே, வேரைத் தொடாமல், செங்கல் நிறத்து இடத்துக்கு மட்டும் பிளீச். ஒரே சீராக மாம்பழ மஞ்சள் வந்தது. அதன் மேல் டெவலப்பர் கலக்காத, அம்மோனியா இல்லாத சிவப்புக் க்ரீம் சாயம், நாற்பது நிமிடம். நெற்றி ஓரத்தில் வாசலின் தடவினேன், காதை மறந்துவிட்டேன். முடி செம்பருத்திப் பூ. இரண்டு காதும் அதே செம்பருத்தி. குளியலறைக் கட்டம் கட்டமான வெள்ளை டைல்ஸ் இடுக்கில் இன்னும் ரோஸ் நிறம் போகவில்லை.

இந்த வகைச் சாயம் முடியின் மேற்பரப்பில்தான் தங்கும். ஒவ்வொரு குளியலுக்கும் கொஞ்சம் கழன்று போகும். குளிர்ந்த தண்ணீர், வாரம் இரண்டு தலைக்குளியல், சல்பேட் இல்லாத ஷாம்பு என்று பார்த்துக்கொண்டால் நாலைந்து வாரம் இழுக்கலாம். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. அதில் குளித்தால் முடி விளக்குமாறாகிவிடுகிறது. குறுக்குத்துறையில் தாமிரபரணி ஆற்றில் முங்கிவிட்டு வந்தால் பட்டு மாதிரி இருக்கிறது. பிளீச் பண்ணின முடிக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

தென்காசிச் சாரல்:

ஆற்றோடு நிறுத்திக்கொண்டீர்களே, புண்ணியம். நான் சாயம் போட்டு இரண்டாம் நாள் குற்றாலம் ஐந்தருவிக்குப் போனேன். ஆடி மாதம், நல்ல சீசன், பெண்கள் பக்கம் நெருக்கியடித்துக் கூட்டம். அருவிக்குள் தலையைக் கொடுத்த அரை நிமிடத்தில் பின்னால் நின்ற ஒரு அம்மா, "ஐயோ, இந்தப் பிள்ளைக்கு மண்டை ஒடஞ்சிட்டு!" என்று போட்ட சத்தத்தில் எல்லாரும் விலகிவிட்டார்கள். முதுகெல்லாம் சிவப்பாக வழிகிறது. பெண் போலீஸ் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். "மேடம், டை" என்றேன். அவர் தொட்டுப் பார்த்து, விரலை என் துண்டிலேயே துடைத்துவிட்டு, "வெளிய வாம்மா" என்றார். குற்றாலத்தில் எண்ணெய், சோப்பு, ஷாம்புக்குத் தடை என்று பலகை உண்டு. டை பற்றி அதில் ஒன்றும் இல்லை என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. ஒரு நன்மை, பத்து நிமிடம் எனக்குத் தனி அருவி.

அம்பை மதினி:

பதினோரு வருஷமாக பார்லரில் நிற்கிறேன். முடி சரியாக வெளுக்காமல் வந்தவர்களைவிட எனக்குப் பயம் கொடுத்தவர்கள் பாக்கெட் மருதாணி போட்டுவிட்டு அதைச் சொல்லாமல் பிளீச்சுக்கு வருகிறவர்கள். ஒரு கல்யாணப் பெண், "ஒண்ணும் போட்டதில்ல மதினி" என்றாள். பிளீச் பூசி, முடியை அலுமினிய ஃபாயிலில் மடித்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, தொட்டால் சுடுகிறது. இட்லித் தட்டு மாதிரி ஆவி. அலறிக்கொண்டு கழுவிவிட்டோம், ஒரு கொத்து கையோடு வந்துவிட்டது. மருதாணி இலையை மட்டும் அரைத்துப் போடுவது வேறு. சில பாக்கெட்டுகளில் உலோக உப்பு கலந்திருக்கும். பிளீச்சில் உள்ள பெராக்சைடு அதோடு சேர்ந்தால் கொதிக்கும். அதனால் முதலில் காதுக்குப் பின்னால் நாலு முடியை வெட்டி அதில் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, டெவலப்பர் கலக்குகிற நிரந்தரச் சாயங்களிலும் கருப்பு மருதாணி என்று விற்பதிலும் பிபிடி (பாரா-ஃபினிலீன்டையமின்) என்ற வேதிப்பொருள் இருப்பதுண்டு. சிலருக்கு அது முகமே வீங்குகிற அளவுக்கு ஒத்துக்கொள்ளாது. முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு தடவி 48 மணி நேரம் பாருங்கள். போன தடவை ஒன்றும் செய்யவில்லை என்பது கணக்கில் வராது, நாலாவது தடவையில் கூட வரும்.

பத்தமடைக்காரி:

எங்கள் பெரியம்மா கோரைப்பாய் நெய்வாள். சிவப்புக்கு முன்பெல்லாம் சப்பங்கட்டை போட்டுக் காய்ச்சுவார்கள், இப்போது பாக்கெட் சாயம். கோரையைத் தரம் பிரிக்கும்போது கறுத்ததை எடுத்துத் தனியே போட்டுவிடுவாள். நான் தலைக்குச் சிவப்பு அடிக்கப் போகிறேன் என்றதும் என் சடையைத் தூக்கிப் பார்த்து, "இது கழிச்சுப் போட்ட கோரைல்லா, இதுல எங்க ஏறும்?" என்றாள். ஒரு பெட்டி வீணாக்கின பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

பாளைக்காரி:

பத்தமடை, உங்கள் பெரியம்மாவை முன்னாலேயே கேட்டிருந்தால் எனக்கும் ஒரு பெட்டிக் காசு மிச்சம்.

இப்போது என் தலையில் மூன்று விரற்கடை கருப்பு வேர், கீழே வெளிறின பீச் நிறம். திரும்ப அடிக்கவா, வெட்டிவிடவா என்று யோசனை. இதற்கிடையில் போன வெள்ளிக்கிழமை ஆச்சி கொல்லையிலிருந்து மருதாணி உருவி, அம்மியில் அரைத்து, "எனக்கும் கொஞ்சம் அப்பி விடுட்டி" என்று வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு முழுக்க நரை. இரண்டு மணி நேரம் கழித்து அலசினால் பளபளவென்று செங்காவி நிறம், ஒரு முடிகூட விட்டுப் போகவில்லை. பிளீச் கிடையாது, ஃபாயில் கிடையாது. கண்ணாடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒனக்கு எத்தன ரூவாட்டி ஆச்சு?" என்று கேட்டாள். நான் பாதியைத்தான் சொன்னேன்.