நெல்லையில் இருந்துகொண்டே டிவி நிருபர் ஆக முடியுமா? வீட்டில் என்ன சொல்வது?

பாளை மாணவி:
எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கடைசி வருடம் படிக்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஒரு நிருபர் அக்கா எங்கள் தெருமுனையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பேசினார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், எனக்கு இந்த வேலைதான் என்று. அப்பா பி.எட். படி என்கிறார். அம்மாவுக்குச் செய்தி என்றால் இன்றைக்கும் தூர்தர்ஷன் ஷோபனா ரவிதான். ஸ்டுடியோவில் உட்கார்ந்து வாசிப்பதென்றால் சரி, ரோட்டில் நிற்கிற வேலை வேண்டாம் என்கிறார். சென்னைக்குப் போயே ஆக வேண்டுமா? வருமானம் எப்படி? இந்த வேலையில் இருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

குறுக்குத்துறைக்காரன்:
மகளே, 1998-லிருந்து திருநெல்வேலியில் டிவிக்குச் செய்தி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். உன் அப்பா வயது இருக்கும், அதனால் உரிமையோடு எழுதுகிறேன்.

முதலில் காசு. மாவட்டத்தில் வேலை செய்கிற பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஸ்டிரிங்கர் என்பார்கள். ஒளிபரப்பான செய்திக்குத்தான் பணம். வள்ளியூர் வரை போய் எடுத்து அனுப்பி, சென்னையில் வேறு பெரிய செய்தி வந்து நம்முடையது ஓடாமல் போனால், பெட்ரோல் காசும் நம் பையிலிருந்துதான். நானே பதினோரு வருடம் அப்படி இருந்தேன். என் மனைவியின் தையல் மெஷின்தான் வீட்டை நடத்தியது. உன் அப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதை அவரிடம் ஒத்துக்கொண்டே பேச்சை ஆரம்பி.

வேலை எப்படித் தொடங்கும் என்று கேட்டால், காலையில் அணை நீர்மட்டத்தில். பாபநாசம் முழுக் கொள்ளளவு 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. இன்றைக்கு எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று வாங்கி, சென்னையில் செய்தியைத் தயாரிக்கிற டெஸ்க்குக்கு அனுப்புவேன். சென்னையில் இருப்பவர்களுக்கு அது கீழே ஓடுகிற ஒரு வரி. ஒருமுறை மணிமுத்தாறு அளவைப் பாபநாசத்துக்கு மாற்றிச் சொல்லிவிட்டேன். கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். திட்டவில்லை. "தம்பி, அதைப் பாத்துதான நாத்துப் பாவணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணுதோம்" என்றார். அன்றிலிருந்து எந்த எண்ணையும் இரண்டு தடவை கேட்காமல் அனுப்பியதில்லை.

நான் வந்த காலத்தில் டேப்பைக் கவரில் போட்டு, இரவு சென்னை பஸ் டிரைவரிடம் கொடுத்து, காலையில் ஆபீஸ் பையன் வாங்கிக்கொண்டானா என்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து கேட்க வேண்டும். 1999 ஜூலை 23-இல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கான ஊர்வலத்தில் தடியடி நடந்து, தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்களே, அன்றைக்கு நான் கேமரா உதவியாளன். அந்த ஆற்றங்கரையை இன்றுவரை சாதாரணமாகக் கடக்க முடியவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வரவில்லை.

இப்போது முதுகில் மாட்டுகிற பேக்பேக் வந்துவிட்டது. நாலைந்து சிம் கார்டுகளின் சிக்னலை ஒன்றாகச் சேர்த்து நேரலை அனுப்பும். நேரலைக்கென்று டிஷ் வைத்த ஓ.பி. வேன் வேண்டியதில்லை. ஆனால் டவர் செத்தால் அதுவும் செத்தது. 2023 வெள்ளத்தில் அதுதான் நடந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நிற்கிறது, கரண்டும் இல்லை, போனும் இல்லை. எடுத்த காட்சியைக் கார்டில் வைத்துக்கொண்டு, சிக்னல் தேடிக் கங்கைகொண்டான் பக்கம் வண்டியை விடுவேன்.

19-ஆம் தேதி அப்படிக் கிளம்பும்போது பாளையில் ஒரு முகாமில் ஒரு அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "கருங்குளம் பக்கம் எடுத்தியளா தம்பி? எம் மக வீடு அங்க. ஒங்க பெட்டிக்குள்ள இருக்கான்னு பாருங்களேன்." தூரத்திலிருந்து எடுத்த காட்சி இருந்தது. கேமராவின் சின்னத் திரையில் ஓட்டிக் காட்டினேன். நிறுத்தச் சொல்வார், பின்னால் போகச் சொல்வார். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் ஒரு மொட்டை மாடி, நீலத் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் நாலு பேர். அவர் மகள் வீட்டுத் தொட்டிதான் அது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அனுப்புவதற்குள் அதே மாதிரிக் காட்சி வேறு சேனலில் ஓடிவிட்டது. ஏன் தாமதம் என்று டெஸ்க்கில் கேட்டார்கள், நடந்ததைச் சொன்னேன். மறுபடியும் அப்படி ஒருவர் கேட்டால் மறுபடியும் ஓட்டிக் காட்டுவேன்.

சென்னையா இங்கேயா என்றாய். வாசிப்பாளர் ஆக வேண்டுமானால் சென்னைதான். நிருபர் என்றால் இங்கேயே இருக்கலாம், ஆனால் ஒன்று தெரிந்துகொள். வெளியூரிலிருந்து வருகிறவர் செய்தி முடிந்ததும் கிளம்பிவிடுவார். நீ மறுநாள் அதே ஆட்களைப் பாளை மார்க்கெட்டில் பார்ப்பாய். நம் பக்கத்தில் ஒரு மோதல் செய்தியில் தவறான ஒரு வார்த்தை திரைக்குக் கீழே ஸ்க்ரோலில் ஓடினால், ராத்திரிக்குள் அடுத்த ஊரில் கல் விழும். சிறார் சம்பந்தப்பட்ட வழக்கில் பெயர் மட்டுமில்லை, பள்ளி, தெரு எதுவுமே அடையாளம் காட்டக் கூடாது, சட்டமே அப்படித்தான். "கொஞ்சம் விவரம் சேர்த்துக் கொடுங்க" என்று மேலிருந்து கேட்பார்கள். முடியாது என்று சொல்கிற தைரியம் முதல் வாரத்திலேயே வேண்டும்.

மேலப்பாளையம் கேமரா:
அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சத்தியம். தங்கச்சி, கேமராவும் எடிட்டிங்கும் நீயே படித்துக்கொள். இப்போது பல இடங்களில் நிருபரும் கேமராமேனும் ஒரே ஆள்தான், செல்போனில் எடுத்து அதிலேயே வெட்டி அனுப்பச் சொல்கிறார்கள். பைட் (சின்னப் பேட்டி) எடுக்கும்போது ஆளின் கண்ணைப் பார், மைக் லோகோ தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதே, அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். அப்புறம், பிரேதப் பரிசோதனை வாசலில் அழுகிறவர்கள் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டாதே. தள்ளி நில். பேச வேண்டும் என்று இருந்தால் அவர்களே கூப்பிடுவார்கள்.

அம்பை அக்கா:
ஆறு வருடம் தென்மாவட்டங்களில் நிருபராக இருந்து, இப்போது சென்னையில், நிருபர்கள் அனுப்புகிற செய்திகளை வாங்குகிற இன்புட் டெஸ்க்கில் இருக்கிறேன். உன் அம்மாவின் பயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். இடிந்தகரையில் கூடங்குளம் அணு உலை எதிர்ப்புப் போராட்ட நாட்களிலும் சரி, திருச்செந்தூர் சூரசம்ஹாரத்திலும் சரி, பெண்களுக்குப் பெரிய கஷ்டம் பாத்ரூம்தான். தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீரகத் தொற்று வந்து படுத்திருக்கிறேன். நீ அப்படிச் செய்யாதே. எந்த வீட்டுக் கதவையும் தட்டிக் கேள், நம் ஊரில் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். வேலையில் சேரும்போது, 2013 சட்டப்படி பாலியல் புகார்களை விசாரிக்கிற உள்ளகக் குழு இருக்கிறதா, யார் உறுப்பினர்கள் என்று நேர்காணலிலேயே கேள். பதில் சொல்லத் தயங்குகிற இடம் உனக்கு வேண்டாம்.

பாளை மாணவி:
அண்ணாச்சி, அண்ணன், அக்கா, மூன்று பேர் எழுதியதையும் அப்பாவிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். தண்ணீர்த் தொட்டி இடத்தில் எழுந்து உள்ளே போய்விட்டார். திரும்பி வந்து, "அந்த ஆளை நேரில் பார்க்க முடியுமா?" என்று கேட்டார்.

குறுக்குத்துறைக்காரன்:
முடியும் மகளே. திங்கள்கிழமை காலை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வா, மனுநாள். மரத்தடியில் மனு எழுதிக்கொண்டிருப்பவர்கள் பக்கம்தான் நிற்பேன். நோட்டும் பேனாவும் போதும். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா, அவருக்கு ஒரு டீ நான் வாங்கித் தருகிறேன். நீ மனுக்காரர்கள் நாலு பேரிடம் பேசி, பெயரையும் ஊரையும் பிழையில்லாமல் எழுதிக்கொண்டு வந்து காட்டு.