2016 நவம்பர் 21, மெல்பர்ன் இடிமழை ஆஸ்துமா: அன்னிக்கு வெளியில இருந்தவங்க சொல்லுங்க

டார்னீட்_அக்கா
மறுபடி அக்டோபர் வந்தாச்சு, கண்ணும் மூக்கும் அரிக்க ஆரம்பிச்சாச்சு. இடிமழைக்கு முன்னாடி அடிச்ச காத்துல ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே ராத்திரியில மூச்சு முட்டின அந்த திங்கட்கிழமை பத்தி இங்க பல பேருக்குத் தெரியும், முதல்லேருந்து சொல்லல. பகல்ல 35 டிகிரி. சாயங்காலம் ஆறு மணி வாக்குல அனல் காத்து நின்னு, சடக்குன்னு குளிர்ந்து ஒரு காத்து அடிச்சுது. வீட்டுக்காரர் கொல்லையில துணி எடுக்கப் போனவர் உள்ள வரல. "நம்ம ஊர் கோடை மழைக்கு முன்னாடி வர்ற காத்து மாதிரியே இருக்குடி, வந்து நில்லேன்"னு கூப்பிட்டார். அடுப்புல குழம்பு கொதிக்குதுன்னு நான் போகல. கொஞ்ச நேரத்துல உள்ள வந்து சமையல் மேடைய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு நிக்கிறார். தோள்பட்டை காது வரைக்கும் ஏறி ஏறி இறங்குது. பேசச் சொன்னா ஒரு வார்த்தைக்கு மேல வரல. இத்தனைக்கும் அவருக்கு ஆஸ்துமாவே கிடையாது. வசந்த காலத்துல தும்மல், கண் அரிப்பு, அவ்வளவுதான். ஆம்புலன்ஸுக்கு 000 அடிச்சா லைன் கிடைக்கவே அவ்வளவு நேரம். பக்கத்து வீட்டு சோமாலியா அம்மா தன் பையனோட நீல பஃபரை (மூச்சு முட்டினா வாயில வெச்சு அழுத்தி இழுக்கிற ஆஸ்துமா மருந்து) எடுத்துக்கிட்டு வேலி தாண்டி ஓடி வந்தாங்க. அவங்களாலதான் இன்னிக்கு அவர் என்கூட இருக்கார்.

நல்லாதான் இருக்கார். ஆனா அந்தக் காத்துல கண்ண மூடி, அவ்வளவு சந்தோஷமா நின்னாரே, அந்த முகம் என்னை விட மாட்டேங்குது. அன்னிக்கு வெளியில மாட்டினவங்க எழுதுங்களேன்.

இரவு_டாக்ஸி
நான் அப்ப சன்ஷைன் பக்கம் டாக்ஸி ஓடினனான். றோட்டில நிண்டு ஒரு பெடியன் கையைக் காட்டினவன், இருபது வயசு வராது. ஏறினவுடன "ஹொஸ்பிட்டல்" எண்ட ஒரு சொல்லு. பிறகு கதை இல்லை. யன்னலைத் திறக்கச் சொல்லிக் கையால காட்டினான். வெளியில தூசி சுழட்டி அடிக்குது, நான் திறக்கேல்லை. அவன் உள்ளங்கையால கண்ணாடியைத் தட்டிக்கொண்டே வந்தவன். முதல்ல பலமா, பிறகு மெதுவா. வாசல்ல இறக்கேக்குள்ள பாத்தால் உள்ளுக்கு ஆக்கள் நிலத்தில இருக்கினம். ஒரு நேர்ஸ் ஓடிவந்து அவனைத் தாங்கிக்கொண்டு போனவ. அதுக்குப் பிறகு அவன் என்ன ஆனானெண்டு எனக்குத் தெரியாது. அடுத்த நாள் செய்தியில செத்த ஆக்களின்ர வயசைத்தான் முதல்ல தேடினனான்.

மருந்துக்கடைப்_பொண்ணு
நான் கிரெய்கிபர்ன் பக்கம் ஒரு மருந்துக்கடையில கவுன்டர்ல இருந்தேன். வரிசை வாசலைத் தாண்டிப் போயிடுச்சு, ஆனா யாருமே பேசல. வெறும் மூச்சு இழுக்கிற சத்தம். நீல பஃபருக்கு இங்க டாக்டர் சீட்டு தேவையில்லையே, அதனால நேரா எங்ககிட்ட வந்துட்டாங்க. இருந்த சரக்கு மளமளன்னு தீந்துது. முன்னால நின்ன ஒருத்தர், சட்டைப் பையில ஆபீஸ் அட்டையோட, "எனக்கு ஒண்ணுமில்ல, வெறும் ஜலதோஷம்தான்"னு தமிழ்லயே சொன்னார். உதடு நீலம் பாரிச்சிருந்தது. அவரை முன்னால இழுத்து உக்கார வெச்சுட்டுத்தான் மத்ததைப் பார்த்தோம்.

அந்த இடிமழையால மொத்தம் 10 பேர் போயிட்டாங்க. அவசர சிகிச்சைக்கு வழக்கத்தை விட 3,000 பேருக்கும் மேல கூடுதலா வந்தாங்க. இந்தியா, இலங்கையில பிறந்தவங்க மக்கள்தொகைக் கணக்குக்கு மீறி அதுல இருந்தாங்கன்னு பின்னால ஆய்வுலயும் வந்துச்சு. எனக்கு அது புதுசா தெரியல, வரிசையிலயே பார்த்தேன்.

தென்கரை_வாசி
எல்லாரும் பயமுறுத்துறீங்க. ஆப்ல இடிமழை ஆஸ்துமா எச்சரிக்கை ஆரஞ்சு, சிவப்புன்னு வந்துக்கிட்டேதான் இருக்கு, 2016 மாதிரி மறுபடி ஒண்ணும் நடக்கலையே. என்னைக் கேட்டா காட்டுத்தீ புகைதான் நிஜமான ஆபத்து. 2020 ஜனவரி 14 நினைவிருக்கா? டென்னிஸ் தகுதிச் சுற்றுல ஒரு வீராங்கனை இருமி இருமி மண்டி போட்டு, ஆட்டத்தை விட்டே போனாங்க. அன்னிக்கு போகி. ஊர்லேருந்து வந்திருந்த என் அப்பா காலையில எழுந்து ஜன்னலைப் பார்த்துட்டு, "இங்கயும் போகி கொளுத்துறாங்களா?"ன்னு கேட்டார். எதிர் வீட்டுக் கூரை தெரியல. மறுநாள் இடியோட கொட்டின மழைதான் எங்களைக் காப்பாத்துச்சு. மழைய திட்டாதீங்க.

இரவு_டாக்ஸி
தம்பி, ஒருத்தரும் மழையைத் திட்டேல்லை. புகை எண்டால் கண்ணுக்குத் தெரியும், மணக்கும், ஆக்கள் கதவைச் சாத்துவினம். இது குளிர் காத்தெல்லோ? ஆக்கள் கதவைத் திறந்து வெளியில வருவினம். நடக்கேல்லை எண்டு சொல்லுறீர், 2016க்கு முதல் நாளும் நடக்கேல்லைத்தான்.

பழைய_வாத்தியார்
எனக்கு அன்று பெரிதாக எதுவும் ஆகவில்லை. நெஞ்சு இறுகியது, இரவு முழுக்க உட்கார்ந்தே தூங்கினேன். ஆனால் மேலே படித்ததில் ஒன்றை விளக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

மழை கெட்டதா நல்லதா என்பது இங்கே கேள்வியே இல்லை. மெல்பர்னுக்கு வடக்கிலும் மேற்கிலும் இருக்கும் புல்வெளிகளில் ரைகிராஸ் புல் நவம்பரில் பூத்துக் கிடக்கிறது. முழு மகரந்தத் துகள் பெரியது, மூக்கிலேயே தங்கிவிடும், அதனால் தும்மல் மட்டும். இடிமேகத்துக்குள் ஈரம் ஏறும்போது அது வெடித்து மிக நுண்ணிய துகள்களாகிறது. மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று அவற்றை நாம் மூச்சுவிடும் உயரத்துக்கு வாரிக்கொண்டு வருகிறது. அவை நேரே நுரையீரலின் அடி வரை போகும். அதனால்தான் மழைக்கு முந்தைய காற்றுதான் மோசம். தும்மல் மட்டுமே உள்ளவர்களுக்கு முதல் ஆஸ்துமா அன்றுதான் வருகிறது. வந்த புதிதில் இந்தத் தும்மல்கூட நமக்கு இருக்காது, சில வருடங்கள் இங்கே வசித்த பிறகுதான் இந்தப் புல் ஒத்துக்கொள்ளாமல் போகிறது.

ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் முடிய, தும்மல் உள்ளவர்கள் முன்னெச்சரிக்கையைப் பாருங்கள். 2017இலிருந்து தினமும் வெளியிடுகிறார்கள். சிவப்பு என்றால் காற்று கிளம்பும் முன்பே உள்ளே வந்து ஜன்னலைச் சாத்துங்கள். வெளிக்காற்றை இழுக்கும் குளிரூட்டியை அணையுங்கள், காரில் உள்காற்று பொத்தானைப் போடுங்கள். டாக்டரைப் பார்த்து, தினசரி எடுக்கும் தடுப்பு மருந்து வேண்டுமா என்று செப்டம்பரிலேயே கேளுங்கள். மூச்சு முட்டினால் படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி உட்கார வையுங்கள். நீல பஃபரை ஸ்பேசரில் (பஃபரைப் பொருத்தி மருந்தை இழுக்க உதவும் குழாய்) ஒரு அழுத்து, நான்கு மூச்சு. இப்படி 4 முறை. 4 நிமிடம் பொறுத்து மீண்டும் 4 முறை. அப்போதும் தேறாவிட்டால் 000. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் இதையே செய்யுங்கள். பேச முடியாத அளவு முட்டினால் முதலிலேயே 000. தென்கரை_வாசி சொல்லும் புகைக்கும் இதே பஃபர்தான் துணை, இரண்டையும் மோதவிட வேண்டியதில்லை.

தென்கரை_வாசி
சரி சார், மகனுக்கும் தும்மல் உண்டு. செவ்வாய்தோறும் சாயங்காலம் கிரிக்கெட் பயிற்சி. ஆரஞ்சுன்னா அனுப்பலாமா?

மருந்துக்கடைப்_பொண்ணு
அனுப்பலாம், பையில பஃபர், ஸ்பேசர் ரெண்டையும் வெச்சு அனுப்புங்க. பயிற்சியாளருக்கும் சொல்லிடுங்க. வானம் கறுத்தா அவனை உள்ள கூப்பிடச் சொல்லுங்க. சிவப்புன்னா அந்த வாரம் வேண்டாம்.

டார்னீட்_அக்கா
அந்த ஸ்பேசர் கடையில சும்மா கேட்டா குடுப்பாங்களா? எங்ககிட்ட பஃபர் மட்டும்தான் இருக்கு.

மருந்துக்கடைப்_பொண்ணு
குடுப்பாங்க அக்கா, சீட்டு வேண்டாம். பழைய பஃபர்ல காலாவதி தேதியையும் பாத்துடுங்க. ரொம்ப நாள் சும்மா கிடந்திருந்தா முதல்ல வெளியில சில அழுத்து அழுத்தி, மருந்து வருதான்னு சரிபார்த்துட்டு அப்புறம் வாயில வைங்க.