புதுப்பிப்பு: 18 கிகாஹெர்ட்ஸ் லிங்கில் எக்ஸ்பிக் பிழைகள் – தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: இரண்டு டவர்களுக்கு இடையே 9 கி.மீ. மைக்ரோவேவ் லிங்க், 0.6 மீட்டர் டிஷ், 28 மெகாஹெர்ட்ஸ் சேனல், 256 க்யூ.ஏ.எம். மாடுலேஷன். உரிமத்தில் இரண்டாவது போலரைசேஷனும் (அலை அதிரும் திசை; செங்குத்து, கிடைமட்டம் என இரண்டு) கிடைத்த பிறகு, இரண்டையும் ஒரே டிஷ்ஷில் இணைக்கும் ஓ.எம்.டி.யும் இரண்டாவது ரேடியோவும் ஏற்றினோம். ஒன்றின் சிக்னல் மற்றதில் கசிவதை நீக்கும் எக்ஸ்பிக் இருந்தும் கிடைமட்ட கேரியரில் பிழை நிற்கவே இல்லை.

ரேடியோவை மாற்றச் சொன்னவர்கள் அதிகம். ஆனால் "ஃபீடின் கோணத்தைப் பாருங்கள்" என்று சொன்னவர் சொன்னதே சரி. (ஃபீட் என்பது டிஷ்ஷின் நடுவில் சிக்னலை அனுப்பி வாங்கும் பகுதி.) எதிர்முனையில் செங்குத்து கேரியரை மட்டும் ஆனில் வைத்து அளந்தோம். செங்குத்துப் பக்கம் −43 டி.பி.எம்., கிடைமட்டப் பக்கம் −64. இடைவெளி 21 டி.பி.தான்; இது கூடினால்தான் கசிவு குறைவு. கிளாம்ப் திருகைச் சற்றே தளர்த்தி, ஃபீடை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினோம். 3 டிகிரி தாண்டியதும் கிடைமட்டப் பக்கம் −74க்கு இறங்கியது. இடைவெளி 31 டி.பி.! டவர் குழாயே சாய்ந்திருந்ததுதான் காரணம். டிஷ்ஷின் பின்புறக் குறியை நம்பிப் பொருத்தினால் அந்தச் சாய்வு அப்படியே ஃபீடுக்கும் வந்துவிடும். ஒரு முனையை மட்டும் அசைக்கவும், இரண்டையும் சேர்த்து அல்ல. திருகை இறுக்கும்போது கோணம் நகரும், மறுபடி அளக்கவும்.

எதிர்பாராதது: பிழை போன பிறகும் வேகம் 180 எம்.பி.பி.எஸ். தாண்டவில்லை. இரு ரேடியோவையும் சுவிட்சில் லேக் (பல இணைப்புகளை ஒன்றாகச் சேர்க்கும் வசதி) போட்டு இணைத்திருந்தோம். இரு முனையிலும் ரவுட்டர் என்பதால் ஒரே மேக் முகவரி ஜோடி. அந்த முகவரிகளை வைத்து வழியைத் தேர்ந்தெடுக்கும் ஹாஷ் எல்லாவற்றையும் ஒரே ரேடியோவில் தள்ளியது. லேகை எடுத்துவிட்டு ரேடியோவிலேயே லேயர்-1 பாண்டிங் (முகவரியைப் பார்க்காமல் டேட்டாவை இரண்டு ரேடியோவுக்கும் பிரித்து அனுப்புவது) போட்டதும் 355 வந்தது.