புதுப்பிப்பு: குன்னூர் வீட்டுப் பழைய சரவிளக்கு

கூடத்தில் தொங்கும் கருத்துப்போன பித்தளைச் சரவிளக்கைக் கழற்றிவிடலாமா, பளபளப்பாக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பளபளப்பாக்கியாயிற்று. தங்கநிற ஸ்ப்ரே அடிக்கச் சொன்னவர்கள் கோபிக்க வேண்டாம். எனக்கு அது கல்யாண மண்டப வாசல் மாதிரிதான் தெரியும்.

புளி போட்டுத் தேய்த்ததும் நிறம் வந்துவிட்டது. ஆனால் குன்னூரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் மூடுபனி ஜன்னல் வழியாகக் கூடத்துக்கே வந்துவிடும். ஈரம் பட்டால் பித்தளை மறுபடியும் கருக்கும். அதனால் நன்றாகக் கழுவி, உலரவிட்டு, ஈரம் படாமல் காக்கும் நிறமில்லாத பூச்சான லாக்கர் (lacquer) ஒரு கோட் பூசினேன்.

மஞ்சளித்த பிளாஸ்டிக் மணிகளுக்குப் பதில் கண்ணாடித் தொங்கல்கள். கனம் கூடியதால் கொக்கியை மச்சுப் பலகையிலிருந்து உத்தரத்துக்கு மாற்றினோம். எலக்ட்ரீஷியன் அண்ணன் பழைய ஒயரையும் மாற்றிவிட்டார்.

உண்மையான மாற்றம் பல்பில்தான். பால்வெள்ளை உறை மூடிய பல்பில் தொங்கல்கள் மங்கலாகவே கிடந்தன. உள்ளே இழை தெரியும் மெழுகுவத்தி வடிவ எல்இடி, 2700 கெல்வின் (இதமான மஞ்சள் வெளிச்சம்), போட்டதும் ஒவ்வொரு தொங்கலும் மின்னுகிறது. 6500 பக்கம் போகாதீர்கள், ஆஸ்பத்திரி வெளிச்சம் அது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வைப்பதென்றால், அதற்கு ஏற்ற பல்புதானா என்று பெட்டியைப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் சிமிட்டும்.