புதுப்பிப்பு: 'ஸ்வீடிஷ் செஃப்' பொம்மையின் கைகள் யாருடையவை?

'மப்பெட் ஷோ' என்ற பொம்மலாட்ட நகைச்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் சமையல்காரர் பொம்மைக்கு மனிதக் கைகள் இருப்பது எப்படி, சமைக்கும்போது அது செய்யும் குளறுபடிகளை எழுத்தாளர் முன்கூட்டியே எழுதினாரா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

வாயையும் கைகளையும் இரு வேறு கலைஞர்களாகக் கருதிப் பாருங்கள் என்ற யோசனைதான் விடையைத் தந்தது. தலையையும் குரலையும் மப்பெட் பொம்மைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சன் கவனிக்க, சக பொம்மலாட்டக் கலைஞர் ஃபிராங்க் ஆஸ் தம் சொந்தக் கைகளை நுழைத்து நடித்தார். எழுத்தில் இருந்தது நகைச்சுவையின் எலும்புக்கூடு மட்டுமே; ஒருவர் கை எதை எடுக்கும் என்பது மற்றவருக்குத் தெரியாத நிலையில் நடிக்கும்போதே பிறந்த குளறுபடிகள் பல. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுவே.

நான் எதிர்பாராதது வேறொன்று: அதே நிகழ்ச்சியின் மிஸ் பிக்கி, ஃபோசி கரடி ஆகிய இரண்டு பொம்மைகளையும் ஆட்டியவர் அதே ஆஸ் என்பதால், யார் எந்தப் பொம்மைக்குள் இருக்கிறார் என்பதையும் எழுத்தாளர் கணக்கில் கொள்ள வேண்டியிருந்திருக்கும். இரண்டாம் பருவம் முதல் தலைமை எழுத்தாளராக இருந்த ஜெர்ரி ஜூல், 1963இல் ஆஸ் சேரும் முன்பே ஹென்சனிடம் பொம்மலாட்டக் கலைஞராகப் பணியாற்றியவர். அந்த அனுபவம் அவருடைய எழுத்துக்குப் பெரிதும் உதவியிருக்கும் என்றே கருதுகிறேன்.