பாணுக்குள் மீன்கறி வைத்தால் அது சாண்ட்விச் ஆகுமா?

வாவிக்கரையான்:
விடியற்காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோவில் சூடாக ஓர் அச்சுப் பாண் வாங்குகிறேன். டின் மீன், தக்காளி, வெங்காயம், கொஞ்சம் மயோனைஸ் வைத்து சாண்ட்விச் செய்து, மட்டக்களப்பிலிருந்து கல்முனை பஸ்ஸில் ஏறுகிறேன். மதியம் பன்னிரண்டரைக்குப் பெட்டியைத் திறந்தால் கீழ்த்துண்டு ஊறிப்போய், விரல் பட்டதும் பிய்ந்துவிடுகிறது. நேற்று அதைக் கரண்டியால் சாப்பிட்டேன். பக்கத்து மேசைக்காரர் "இது என்ன புட்டு?" என்று கேட்டார். எங்கே பிழை விடுகிறேன்?

றோஸ்பாண்:
சாண்ட்விச் செய்ய நினைத்ததே பிழை, தம்பி. ஒரு றோஸ் பாணை வாங்கு. நடுவில் கிழி. முதல் நாள் சூரைக் கறி மிச்சமிருந்தால் தடித்த குழம்போடு உள்ளே வை. மேலே மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பல். நின்ற நிலையிலேயே சாப்பிட்டு முடி. ஆறு மணித்தியாலம் பெட்டிக்குள் அடைத்து வைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்று யார் சொன்னது?

மிளகுத்தூள்:
அவருடைய அலுவலகம் சொன்னது. அண்ணன் எங்கே வேலை செய்கிறீர்கள்?

றோஸ்பாண்:
ஓய்வூதியம் எடுக்கிறேன்.

போறணையடி:
ஒரு பேக்கரியில் பதினொரு வருடம் விறகுப் போறணைக்கு முன்னால் நின்றவன் நான். வாவிக்கரையான், உங்கள் முதல் பிழை அந்தச் சூடான பாண்தான். இறக்கியவுடன் பாணின் நடு இன்னும் இறுகியிருக்காது. ஆவி வெளியேறிக்கொண்டே இருக்கும். அப்போது கத்தி வைத்தால் நசுங்கும், களிபோல் ஒட்டும். அதைப் பெட்டிக்குள் போட்டு மூடினால் அந்த ஆவி மூடியில் நீராகத் திரண்டு திரும்பப் பாணிலேயே சொட்டும். முதல் நாள் பின்னேரம் வாங்கிய பாணைத் துணியில் சுற்றி வைத்துக் காலையில் வெட்டுங்கள். குளிர்சாதனப்பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் மாப்பொருள் விரைவாகக் கெட்டிப்படும். வெளியில் இருக்கும் பாணைவிட அதுதான் முதலில் வரட்டியாகும். நாட்கணக்கில் வைக்க வேண்டுமென்றால் உறைய வைக்கலாம்.

அடுத்தது தோசைக்கல். எண்ணெய் விடாமல், துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் பொன்னிறமாக வாட்டுங்கள். அந்தப் பக்கம்தான் உள்ளே வர வேண்டும். நன்றாக ஆறிய பின் பட்டர் பூசுங்கள். சூட்டில் பூசினால் உருகி உள்ளே இறங்கிவிடும், வேலி கட்ட எதுவும் மிஞ்சாது. ஓரம் வரைக்கும் பூச வேண்டும். நகத்தளவு இடம் விட்டாலும் தக்காளித் தண்ணீர் அந்த வழியாக உள்ளே போய்விடும்.

தக்காளியை வெட்டி, விதையை வழித்துவிட்டு, உப்புத் தூவிப் பத்து நிமிடம் துணியில் பரப்புங்கள். துணியைப் பிழிந்து பார்த்தால் தெரியும், நீங்கள் இத்தனை நாள் எதைப் பாணுக்குக் குடிக்கக் கொடுத்தீர்கள் என்று. டின் மீனையும் உள்ளங்கையில் வைத்து இறுகப் பிழிய வேண்டும். வெங்காயத்தைத் தேசிக்காய்ப் புளியில் ஊறவைத்தால் அதையும் பிழிந்துதான் சேர்க்க வேண்டும். பட்டர், சலாது இலை, மீன், நடுவில் தக்காளி, திரும்ப மீன், இலை, பட்டர். தக்காளியின் முகம் பாணைப் பார்க்கவே கூடாது.

றோஸ்பாண்:
கலியாண வீட்டுக்கே இவ்வளவு ஆயத்தம் இல்லை.

அக்கரைப்பற்று ராத்தா:
போறணையடித் தம்பி சொன்னதெல்லாம் சரி. மயோனைஸைப் பற்றி மட்டும் ஏன் வாய் திறக்கவில்லை? எருமைத் தயிர்ச் சட்டி சந்தைக்குச் சந்தை அடுக்கி வைத்திருக்கும் ஊரில் போத்தல் மயோனைஸ் எதற்கு? எருமைப் பாலில் கொழுப்பு ஏறத்தாழ 7 சதவீதம், பசும்பாலில் 4. அதனால்தான் தயிர் சட்டியைச் சரித்தாலும் சிந்தாமல் நிற்கிறது. இரவு ஒரு கோப்பைத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். காலையில் கத்தியில் அள்ளினால் அப்படியே நிற்கும். மிளகு, உப்பு, நசித்த பூண்டு ஒரு பல், நறுக்கிய மல்லியிலை. மீனோடு கலந்து வையுங்கள்.

றோஸ்பாண்:
மீனும் தயிருமா! என் அம்மம்மா இருந்திருந்தால் அகப்பையோடு வந்திருப்பார். தோலில் வெள்ளை விழும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

மிளகுத்தூள்:
உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நிறக் கலங்களையே தாக்குவதால் வருவது வெண்புள்ளி. தயிர்ச் சட்டிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. அம்மம்மா மேல் மரியாதை உண்டு. இந்த ஒரு விடயத்தில் அவருடன் உடன்பாடு இல்லை.

ஆனால் உங்கள் எல்லோரிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது. ஊறுகிறதா ஊறவில்லையா என்று பார்க்கிறீர்களே, கெடுகிறதா என்று யாராவது பார்த்தீர்களா? திறந்த டின் மீன், தயிர், வெளியில் 32 பாகைக்கு மேல் வெக்கை, ஆறு மணித்தியாலம். சமைத்த உணவை அந்த வெக்கையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்றுதான் உணவுப் பாதுகாப்பு அறிவுரை. மயோனைஸுக்கும் தயிருக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. பாணை ஒரு பெட்டியிலும் மீனை இன்னொரு பெட்டியிலும் வையுங்கள். மீன் பெட்டியோடு உறைந்த தண்ணீர்ப் போத்தலைச் சேர்த்துச் சுற்றிக் கொண்டுபோங்கள். அலுவலகத்தில் குளிர்சாதனப்பெட்டி இருந்தால் போனவுடன் உள்ளே வையுங்கள். மதியம் மேசையில் பூசிச் சாப்பிடுங்கள்.

போறணையடி:
அப்படியானால் பாணும் மீனும் தனித்தனியாகச் சாப்பிட்டதாகத்தான் ஆகும். இரண்டும் ஒன்றாக அமுங்கி ஒரு மணித்தியாலமாவது இருந்தால்தானே சுவை சேரும்?

மிளகுத்தூள்:
சேராவிட்டால் சேராதிருக்கட்டும். பெயருக்கே சொந்தக்காரரான இங்கிலாந்தின் சாண்ட்விச் பிரபு மேசையை விட்டு எழும்பாமல் சாப்பிடத்தான் அதைக் கேட்டாராம். சீட்டாட்ட மேசை என்பார்கள் சிலர், வேலை மேசை என்பார்கள் சிலர். 1762இல் கிப்பன் என்ற வரலாற்றாசிரியர் லண்டனில் பெரிய மனிதர்கள் குளிர்ந்த இறைச்சியோ சாண்ட்விச்சோ சாப்பிடுவதைக் கண்டு நாட்குறிப்பில் எழுதினார். அன்றைக்கே மேசைச் சாப்பாடு. ஒரு கையால் பிடிக்க வேண்டும், மற்றக் கைக்கு வேலை இருக்கும்.

றோஸ்பாண்:
பிரபுவுக்கு எடுத்துக்கொடுக்க ஆள் இருந்தது. எனக்கு இரண்டு கையும் சும்மாதான் இருக்கிறது, குழம்பு வழியட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன், இத்தனை பேர் இத்தனை நேரம் எழுதினீர்கள், உறைப்பு என்ற சொல்லை யாராவது எழுதினீர்களா? மிளகாம், மல்லியிலையாம். நோயாளிச் சாப்பாடு.

அக்கரைப்பற்று ராத்தா:
அண்ணன் இப்போதுதான் ஒரு நியாயம் பேசியிருக்கிறார்.

போறணையடி:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டைச் சம்பலில் தேசிக்காய்ப் புளி இருக்கிறது, தண்ணீர் விடும். பட்டருக்கு மேலேதான் வைக்க வேண்டும்.

வாவிக்கரையான் (மூன்று நாள் கழித்து):
முந்தாநாள் போறணையடி அண்ணன் சொன்னபடி எல்லாவற்றையும் செய்தேன். பாண் ஊறவில்லை. பெட்டியைத் திறந்ததும் வந்த மீன் வாடைதான் பயமாக இருந்தது, சாப்பிடவில்லை. இன்று இரண்டு பெட்டி, உறைந்த போத்தல், ராத்தாவின் தயிர். மேசையில் வைத்துப் பூசினேன். வாட்டிய பக்கம் மதியத்துக்குள் மொறுமொறுப்பை இழந்து கொஞ்சம் தோல்போல் ஆகியிருந்தது, அதற்கு வழி இருந்தால் சொல்லுங்கள். முதல் கடி வைக்குமுன் பக்கத்து மேசைக்காரர் கதிரையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். பாதி அவருக்குப் போனது.

றோஸ்பாண்:
சம்பல் வைத்தாயா?

வாவிக்கரையான்:
வைத்தேன், அண்ணன். அவர் அதைத்தான் இன்னும் கொஞ்சம் கேட்டார்.