புதுப்பிப்பு: பனிமூட்டத்தில் நின்றுபோகும் மொரிஸ் மைனர்

காலையில் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது மாமாவின் பழைய மொரிஸ் மைனர் கார் இழுத்து இழுத்து நின்றுவிடுகிறது, கொஞ்சம் பொறுத்து அடித்தால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது என்று கேட்டிருந்தேன். பெற்றோல் பம்ப், இக்னிஷனில் உள்ள கண்டென்சர் என்று பலர் சொன்னீர்கள். இரண்டும் நன்றாகவே இருந்தன.

காரணம் பனிக்கட்டி! நின்ற உடனே பொனட்டைத் திறந்து, பெற்றோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் காபரேட்டரைத் தொடச் சொன்னார் எங்கள் மெக்கானிக் பாஸ். என்ஜின் கொதிக்கிறது, காபரேட்டர் மட்டும் ஜில்லென்று, மேலெல்லாம் நீர்த்துளி. எயார் கிளீனரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக உறைபனி. பெற்றோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஈரக் காற்று என்றால், வெளியே 10 பாகை இருந்தாலும் உள்ளே உறைந்துவிடும். வண்டி நின்றதும் என்ஜின் சூட்டில் உருகி, தடயமும் போய்விடும்.

இது பழைய வியாதிதான். ஃபோர்ட் மொடல் டி காரிலேயே எக்ஸோஸ்டை (புகை வெளியேறும் குழாயை) ஒட்டி வரும் சூடான காற்றை காபரேட்டருக்குக் கொண்டுபோக ஒரு குழாய் உண்டு. எங்கள் வண்டியில் எயார் கிளீனரின் காற்று இழுக்கும் வாய் முன்பக்கம் பார்த்து இருந்தது. அதை எக்ஸோஸ்ட் மேனிபோல்ட் பக்கம் திருப்பி, ஒரு தகரக் குழாயும் செருகினார் பாஸ். அப்புறம் நிற்கவே இல்லை.

ஒன்று, கொழும்புப் பக்கம் இறங்கினால் வாயை மறுபடி முன்னால் திருப்ப வேண்டும். சூடான காற்று அடர்த்தி குறைவு, இழுவை குறையும். மாமா அதற்கு ஒரு ஸ்பேனரை டாஷ்போர்டிலேயே வைத்திருக்கிறார்.